எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்?

கரிசல் காட்டுச் சம்சாரிகள் ஒரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையானவர்கள். கார்த்திகை மாதத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, 'இது நல்ல கிணறு' என்று அவர்கள் சொல்லிவிட மாட்டார்கள். கார்த்திகையில் எந்தக் கிணற்றிலும்தான் தண்ணீர் கிடக்கும். சித்திரை வரட்டும், பார்க்கலாம் என்பார்கள். கிணற்றை மதிப்பிடுவதில் இவ்வளவு நிதானம் காட்டுகிற ஜனங்கள், பள்ளிக்கூடத்தை மதிப்பிடும்போது மட்டும் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

வருஷந்தோறும் மே மாதத்தில் பரீட்சை முடிவுகள் வருகின்றன. எந்த ஜில்லா முதலில், எந்த ஜில்லா கடைசியில் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. மாநிலத்தில் முதலாவதாக வந்த மாணவன் யார் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளைக் குதிரைகள்போல் ஓடவிட்டுப் பார்ப்பது சரியில்லை என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது, நல்ல காரியம். ஆனால் ஜில்லாக்களின் பந்தயம் நிற்கவில்லை. அந்தப் பந்தயத்தில் எங்கள் விருதுநகர் ஜில்லா பெரிய வீரன். 2018-ல் பிளஸ் டூ தேர்வில் நூற்றுக்கு 97.05 பேர் தேறி, மாநிலத்திலேயே முதலிடம். 2023-ல் 97.85, அப்போதும் முதலிடம். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று உத்தியோகஸ்தர்களை மிரட்டுவதற்குப் பயன்பட்ட பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து 1985-ல் பிரிந்து வந்த பிரதேசம் இது. அது முதலிடத்துக்கு வந்ததென்றால் பெருமைப்படாமல் இருக்க முடியுமா? நானும் பெருமைப்பட்டேன்.

ஆனால் அதே 2018-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் இன்னொரு பட்டியல் வெளியிட்டது. நாட்டில் பின்தங்கிக் கிடக்கிற நூற்றுக்கு மேற்பட்ட ஜில்லாக்களைப் பொறுக்கி எடுத்து, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று நாசூக்காக ஒரு பெயரும் வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை இரண்டே ஜில்லாக்கள். ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர்.

ஒரே வருஷம், ஒரே ஜில்லா. ஒரு பட்டியலில் முதல் மாணவன். மற்றொரு பட்டியலில் கடைசி பெஞ்சு. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டும் உண்மைதான். இரண்டும் கேட்ட கேள்விகள்தான் வேறு வேறு. தேர்ச்சிப் பட்டியல், பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கிறது. மற்றப் பட்டியல் ஆரோக்கியம், விவசாயம், சாலை, வங்கி என்று பலவற்றையும் கேட்கிறது. கல்வியைப் பற்றிக் கேட்கும்போது, நடுநிலைப் படிப்பை முடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. கல்விக் குறைவினால்தான் எங்கள் ஜில்லா அதில் சேர்ந்தது என்று நான் வாதாடவில்லை. 'நூற்றுக்குத் தொண்ணூற்றேழு' என்று சொல்லும்போது அந்த நூறு பேர் யார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எட்டாவதோடு நின்றுவிட்ட ஒரு பெண் அந்த நூறு பேரில் இல்லை. அவள் பெயில் ஆகவில்லை. ஆகவே யாருடைய சதவிகிதமும் அவளால் குறையவில்லை. கணக்குப்படி பார்த்தால் அவள் பிறக்கவே இல்லை.

நான் கல்வி நிபுணன் அல்ல. காலேஜில் இரண்டு வருஷம் வாசித்துவிட்டு, பட்டம் வாங்காமல் கதை எழுத வந்தவன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு: பட்டியலில் விட்டுப்போன ஆள் யார் என்று தேடுவது. அந்தப் பழக்கத்தின் தூண்டுதலால்தான் நடுநிலைப் பள்ளிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளில்தான் விட்டுப்போகிற ஆட்கள் அதிகம் உருவாகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். சின்னப் பிள்ளைகளை எப்படியாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். பத்தாவதைத் தொட்டுவிட்டவனை எப்படியாவது கரையேற்றிவிடுகிறோம். நடுவில் இருப்பவன்தான் ஆடு மேய்க்கவும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும், கூலிக்குப் போகவும் தோதான வயதில் இருக்கிறான்.

நடுநிலைப் பள்ளிகளை எதை வைத்து ஒப்பிடுவது? ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை இருந்தது. எட்டாம் வகுப்பில் இ.எஸ்.எல்.சி. என்ற சர்க்கார் பரீட்சை இருந்தது. அதில் தேறியவர்கள் பயிற்சி பெற்று வாத்தியார் வேலைக்கே போனார்கள். பிறகு பரீட்சை போயிற்று. போனதில் எனக்கு வருத்தம் இல்லை. 2019-ல் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் மறுபடி பொதுத் தேர்வு வைக்க உத்தரவு போட்டார்கள். ஊரெல்லாம் எதிர்ப்பு எழுந்தது. 2020 பிப்ரவரியில் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பத்து வயதுப் பிள்ளையை வடிகட்டுவதற்கு ஒரு ஜல்லடை வேண்டாம் என்பதுதான் நியாயம். ஆனால் பரீட்சை இல்லாத இடத்தில் மனிதர்கள் ஒப்பிடாமல் இருந்துவிடுகிறார்களா? வேறு அளவுகோல்களைத் தேடிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவற்றில் முதலாவது என்.எம்.எம்.எஸ். பரீட்சை. 2008-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இது. எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஏழைப் பிள்ளைக்கு அது சின்னத் தொகை அல்ல. தமிழ்நாடு முழுவதற்கும் வருஷத்துக்கு 6,695 பேர் என்று எண்ணிக்கை வகுத்திருக்கிறார்கள். அதில் மூன்று பிள்ளைகள் ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து போய்விட்டால், பஸ் நிறுத்தத்தில் படத்தோடு பேனர் ஏறிவிடுகிறது. ஏறட்டும், சினிமா நடிகரின் படத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த மூன்று பேரைத் தயார் செய்வதற்காகச் சனிக்கிழமையும் உழைக்கிற வாத்தியாரிடம், அதே வகுப்பில் தமிழ்ப் பாடத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான்காவது பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு மனிதன் எத்தனை நாள் தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருப்பான்?

இரண்டாவது அளவுகோல் இங்கிலீஷ். அதிகாலையிலேயே கிராமத்துத் தெருவில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. கழுத்தில் டை கட்டிய பிள்ளைகள் அருப்புக்கோட்டைக்குப் போகிறார்கள். தெருக்கோடியில் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சத்துணவும் சீருடையும் புத்தகமும் இனாமாகக் கிடைக்கும்போது, கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றும் தாயைக் கேலி செய்வது சுலபம். அப்படிக் கேலி செய்யும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். எழுதியவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று அந்தக் கட்டுரைகளில் இருப்பதில்லை. பருத்திக் காட்டில் வேலை செய்கிற ஒரு அம்மாளிடம் கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு தமிழ்லதான் பத்தாவது படிச்சாக. இப்ப மில்லுல கோன் சுத்துறாக. எம் புள்ளையாவது நாலு எழுத்து இங்கிலீசு படிக்கட்டுமய்யா" என்றாள். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது? சர்க்காரும் இந்த ஆசையைப் புரிந்துகொண்டுதான் 2012 முதல் தன் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் வகுப்புகளைத் திறந்தது. ஆனாலும் வேன் வருகிறது என்பது ஒரு பள்ளியின் குணத்துக்குச் சாட்சி ஆகாது. அது அந்த வீட்டின் நம்பிக்கைக்குத்தான் சாட்சி.

ஒப்பிடுவதென்றால் பூமியையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அருப்புக்கோட்டை நெசவும் நூல் ஆலைகளும் வியாபாரமும் உள்ள ஊர். மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக வந்து, பந்தல்குடி, எட்டயபுரம் என்று தூத்துக்குடிக்குப் போகும் நெடுஞ்சாலை அதன் வழியாகப் போகிறது. அந்தச் சாலையை ஒட்டிய கிராமத்துப் பள்ளிக்கு வாத்தியார்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, மணி அடிப்பதற்கு முன்பே ஒரு டீயும் குடித்துவிடலாம். கிழக்கே திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி, வீரசோழன் பக்கம் போனால் காட்சி மாறுகிறது. குண்டாறு பெயருக்குத்தான் ஆறு. கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை; நிறையாவிட்டால் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். அதுவும் இல்லையென்றால் குடும்பத்தோடு திருப்பூர். நாளைக்கு நான்கு தடவை வருகிற பஸ் ஒரு தடவை வராவிட்டால், வகுப்பில் ஒரு பாடம் போயிற்று. ஒரே கல்வித் துறை, ஒரே பாடப் புத்தகம், ஒரே சம்பள விகிதம். ஆனால் இந்த இரண்டு ஊர்களின் பள்ளிகளையும் அடுத்தடுத்து வரிசைப்படுத்தி 'இது பன்னிரண்டாவது, அது நாற்பதாவது' என்று எழுதினால், பள்ளிகளை ஒப்பிட்டதாகாது. பஸ் ரூட்டுகளை ஒப்பிட்டதாகும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தப் பக்கத்து நகரங்களில் பள்ளிக்கூடங்களை வளர்த்தவை பெரும்பாலும் சமூகங்கள். வியாபாரச் சரக்கின்மீது மகமை என்று ஒரு சிறு தொகையைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்திலேயே விருதுநகர் நாடார்கள் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். அருப்புக்கோட்டையிலும் நாடார் உறவின்முறையின் சைவ பானு க்ஷத்திரியக் கல்லூரி, தேவாங்கர் கலைக் கல்லூரி என்று கல்லூரி வரைக்கும் அந்த முயற்சி வளர்ந்தது. இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் கூரை ஒழுகினால், கேட்பதற்கு ஊரில் நான்கு பெரிய மனிதர்கள் இருப்பார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கதை வேறு. ஜில்லா போர்டு பள்ளியாக இருந்தது, 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியத்தின் கைக்கு வந்தது. 1981-ல் அதன் ஆசிரியர்கள் சர்க்கார் ஊழியர்கள் ஆனார்கள். சம்பளத்துக்கு அது நல்லதாயிற்று. ஆனால் பலகையில் ஒன்றியத்தின் பெயர், சம்பளம் கோட்டையிலிருந்து, பிள்ளைகள் ஊருடையவர்கள் என்று ஆகிவிட்ட பிறகு, ஊர்க்காரன் அதை 'நம்ம பள்ளிக்கூடம்' என்று சொல்வதை விட்டு 'கவர்மெண்டு பள்ளிக்கூடம்' என்று சொல்லத் தொடங்கினான். சொந்தக்காரன் உள்ள கடையையும் இல்லாத கடையையும் லாபத்தை மட்டும் வைத்து ஒப்பிடலாமா?

நான் இரண்டு நடுநிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் யாராவது அவற்றையும் வரிசைப்படுத்திவிடுவார்கள். ஒன்று நெடுஞ்சாலை ஓரத்தில். சுவரெல்லாம் வர்ணம், கம்ப்யூட்டர் அறை, உதவித்தொகை வாங்கிய பிள்ளைகளின் பெயர்ப் பலகை எல்லாம் இருந்தன. தலைமையாசிரியர் சுறுசுறுப்பான மனிதர். பெருமையோடு எல்லாவற்றையும் காட்டினார். அவருடைய பெருமை நியாயமானதுதான். "ஆறாவதில் சேர்ந்து எட்டாவதுக்கு முன்னால் போய்விட்ட பிள்ளைகள் உண்டா சார்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "டி.சி. வாங்கிட்டுப் போறவங்க போவாங்க சார். எங்கே போறாங்கன்னு நாம எப்படிக் கேக்க முடியும்? அப்படிக் கேட்டு மேலேருந்து யாரும் ஒரு பாரம் அனுப்பினதும் இல்லே" என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. அவரிடம் கேட்டதையெல்லாம் அவர் நன்றாகவே செய்திருந்தார்.

மற்றொன்று கிழக்கே, கண்மாய்க் கரைக்குக் கீழே. நடுநிலை வகுப்புகள் மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுகிற பிள்ளைகள். வர்ணம் எதுவும் இல்லை. பெயர்ப் பலகையில் எழுதுவதற்கும் அதிகம் இல்லை. ஆனால் தலைமையாசிரியை மேஜைக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். கடைக் கணக்கு எழுதுகிற நோட்டு. பக்கத்துக்கு ஒரு பிள்ளை. எட்டாவது முடித்துப் போனவர்கள் ஒன்பதாவதுக்கு எங்கே சேர்ந்தார்கள், யார் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று எழுதியிருந்தார். 'அப்பா அம்மாவுடன் திருப்பூர். பொங்கலுக்கு வந்தபோது விசாரித்தேன், அங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்' என்று ஒரு பக்கம். 'கிடை ஆட்டுடன் போகிறான். ஆனி மாதம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்' என்று ஒரு பக்கம்.

ஒரு பெண்ணின் பக்கத்தில் தேதிகள் மட்டும் மூன்று இருந்தன. அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறவளாம். உயர்நிலைப் பள்ளிக்கு அடுத்த ஊர் போக வேண்டும். தாய்மாமன் வேண்டாம் என்றுவிட்டார். "பஸ்ஸை நம்பி வயசுப் புள்ளய எப்படி டீச்சர் அனுப்புறது?" என்று அவர் கேட்டதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். முதல் தடவை போனார், நடக்கவில்லை. இரண்டாம் தடவையும் நடக்கவில்லை. பிறகு அதே தெருவில் இன்னும் இரண்டு பெண்களின் வீடுகளில் பேசி முடித்துவிட்டு, மூன்றாம் தடவை போனார். "தனியா ஒரு புள்ளையத்தான் அனுப்ப யோசிப்பாக. மூணு புள்ளைக சேந்து போனா விட்டுருவாக சார்" என்றார். மூவரும் சேர்ந்து போகிறார்கள். இந்த மூன்று நடைகளுக்கு எந்தப் பட்டியலில் எத்தனை மார்க்கு?

தூரம் என்பது எவ்வளவு பெரிய வாத்தியார் என்பதை இந்த ஜில்லாவின் சரித்திரமே சொல்லும். 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், உள்ளூரில் ஆரம்பப் படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லுக்கும், 1892-ல் தகப்பனார் இறந்த பிறகு மதுரைக்கும் போக நேர்ந்தது. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஸ்காட் நடுநிலைப் பள்ளியில் படித்தான். பின்னால் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அந்தச் சிறுவனைத்தான். 1896-ல் அவர் பள்ளியையே விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை. வக்கீல் குடும்பம், மதுரையில் உறவினர் வீடு ஆகிய இரண்டு சௌகரியங்கள் இருந்ததால் நடுநிலைப் பள்ளி வரை அந்தப் பாதை நீண்டது. மதுரையில் சித்தப்பா இல்லாத திருச்சுழிப் பிள்ளைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

1903-ல் விருதுநகரில் பிறந்த காமராஜருக்குத் தூரம் பிரச்சினை அல்ல. வித்தியாசாலை ஊரிலேயே இருந்தது. தகப்பனார் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக் கடைக்குப் போனார். நடுநிலைப் பள்ளியின் வாசற்படியில் நின்றுவிட்ட அந்தப் பையன்தான் பிற்காலத்தில் முதல் மந்திரியாகி, 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பதை அவர் புள்ளிவிவரத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நம் திட்டங்களைக் கவனித்துப் பார்த்தால், நடுநிலை வகுப்புகள் எப்போதும் பந்தியில் இரண்டாவது வரிசையில்தான் உட்காருகின்றன. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இலை போட்டார்கள். பத்து முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு 1984-ல்தான் அது கிடைத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. மிக நல்ல திட்டம். அதற்கு ஐந்தாம் வகுப்பை எல்லையாக வைத்தார்கள். 2025-ல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்தபோதும் அந்த எல்லை நகரவில்லை. ஒரே நடுநிலைப் பள்ளி, ஒரே சமையற்கட்டு. தங்கை ஐந்தாவதில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறாள். ஏழாவது படிக்கிற அண்ணன் வெளியே நின்று பார்க்கிறான். அந்த வயதில்தான் பசி அதிகம் என்று சமையல்காரம்மாளுக்குத் தெரியும்.

சைக்கிள் கதையும் இதுதான். இனாம் சைக்கிளைப் பதினோராம் வகுப்பில் கொடுக்கிறார்கள். ஒன்பதாவதுக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டியவளுக்கு, அது இரண்டு வருஷம் கழித்து வருகிறது. இன்னொரு பக்கம், 2020-ல் வந்த மருத்துவப் படிப்பு ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 7.5 சதவிகிதத்துக்கு ஆறாவது முதல் சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 2022-ஆம் வருஷத்துப் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. ஆறாவதில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது பதினெட்டு வயது வரை ஒரு பிள்ளையைத் தொடரும் முடிவாகிவிட்டது. சர்க்கார் கணக்கெடுப்பதை ஆறாவதில் தொடங்குகிறது. காலைச் சாப்பாட்டை ஐந்தாவதோடு நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை உத்தரவு எழுதியவர்கள் சேர்த்துவைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

சரி, பள்ளிகளை எப்படித்தான் ஒப்பிடுவது? என் யோசனை மிகவும் சாதாரணமானது. மூன்று வருஷங்களுக்கு முந்திய ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் இன்று எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்பதாவதில் இருக்கிறதா, வேலைக்குப் போயிற்றா, கல்யாணம் ஆகிவிட்டதா? பிறகு எட்டாவது படிக்கிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அன்றைய தினசரியைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் போதும். இதையும் அடுத்த ஊர்ப் பள்ளியோடு வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், இதே பள்ளி மூன்று வருஷத்துக்கு முன்பு எப்படி இருந்தது என்பதோடு வைத்துப் பாருங்கள்.

இதற்குப் புதிதாக எந்த இலாகாவும் வேண்டாம். எமிஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். டி.சி. வாங்கிய பிள்ளையின் பெயர் வேறு பள்ளியில் சேரும் வரை பொதுத் தொகுப்பு ஒன்றில் கிடக்கும். அந்தப் பதிவில் தகவல் ஏற்றி ஏற்றியே பாடம் நடத்த நேரமில்லை என்று வாத்தியார்கள் குறைப்பட்டுக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த தகவலிலிருந்து, எந்தப் பள்ளியின் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள், எந்தப் பள்ளியின் பிள்ளைகள் நடுவழியில் நின்றார்கள் என்ற கணக்கை மட்டும் எடுத்து ஊருக்குச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. 'குடும்பம் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனால் வாத்தியார் என்ன செய்வார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் பிள்ளைகள் விடியுமுன் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதைத் தனி ஒரு தலைமையாசிரியரால் நிறுத்த முடியவில்லை. 1986-ல் சட்டம் வந்து, 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்புச் சொல்லி, பல பேர் பாடுபட்ட பிறகுதான் நிலைமை மாறிற்று. ஆகவே போகிற பிள்ளைகளுக்காக வாத்தியாரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. ஆனால் போகிறவர்களை எண்ணினால்தான், எங்கே பஸ் வேண்டும், எங்கே விடுதி வேண்டும், எங்கே காலைச் சாப்பாடு வேண்டும் என்று தெரியும். தேறியவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மாலைதான் எத்தனை வேண்டும் என்று தெரியும்.

'இன்று யாரும் பழையபடி கூட்டம் கூட்டமாக எட்டாவதோடு நிற்பதில்லையே' என்றும் சொல்லலாம். வாஸ்தவம். அது பெரிய சாதனைதான். ஆனால் நிற்கிறவர்கள் சிலராகிவிட்டால், அவர்களைப் பெயர் சொல்லித் தேடுவது சுலபமாகிவிடுகிறது என்பதும் வாஸ்தவம்தானே? நூறு பேர் தொலைந்தபோது நம்மால் முடியவில்லை. நான்கு பேர் தொலையும்போதும் முடியாது என்றால் அதற்குப் பெயர் இயலாமை இல்லை.

இந்த ஒப்பீட்டு விவகாரத்தில் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவை சின்னப் பள்ளிகள். வேன் வந்து பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருப்பவர்களை எண்ணி, 'இத்தனை பேருக்கு இத்தனை வாத்தியார்களா?' என்று கேட்பது சுலபம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. சட்டத்தின் விதிகளின்படி நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர் என்று காகிதத்தில் எழுதியவர்கள் ஐப்பசி மழையில் கரிசல் பாதையில் நடந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் செருப்போடு அரைப்படி மண் சேர்ந்துகொண்டு வரும். அந்தப் பாதையில் பன்னிரண்டு வயதுப் பெண் எத்தனை நாள் நடப்பாள்? கண்மாய்க் கரைப் பள்ளியை மூடிவிட்டு அந்தப் பிள்ளைகளை நெடுஞ்சாலைப் பள்ளியில் சேர்த்துவிட்டால், சேர்க்கையும் செலவுக் கணக்கும் அழகாகிவிடும். அதற்குப் பிறகு அந்த நீள நோட்டை எழுத ஆள் இருக்காது. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் தோன்றாது.

அடுத்த மே மாதமும் பட்டியல் வரும். எங்கள் ஜில்லா மறுபடி முதலிடத்துக்கு வந்தால் நான் சந்தோஷப்படத்தான் போகிறேன்; அந்தப் பிள்ளைகளும் வாத்தியார்களும் உழைத்துச் சம்பாதித்த இடம் அது. ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாராவது உங்களிடம் ஒரு சதவிகிதத்தைச் சொன்னால், தயவுசெய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஆறாவதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?' பதில் சொல்லத் தெரிந்த பள்ளிக்கூடம் எதுவோ, அது நல்ல பள்ளிக்கூடமாக ஆகிக்கொண்டிருக்கிறது என்று தைரியமாக நம்பலாம்.